மனமும் மயக்கமும்

நுழையும்முன்

வளரிளம் பருவத்தினர் ஒருவரிடம் புகைப்பழக்கமோ மதுப்பழக்கமோ தென்பட்டால், 'இது என்ன பழக்கம்?' என்றே சுற்றியிருப்போர் கேட்கின்றனர். 'உனக்கு என்ன வருத்தம்?' என்று கேட்போர் சிலரே. முதல் கேள்வி குற்றத்தைத் தேடுகிறது. இரண்டாவது கேள்வி காரணத்தைத் தேடுகிறது. மனநலத்துக்கும் போதைப் பழக்கத்துக்கும் இடையிலுள்ள தொடர்பை அறிவியல் வழியில் விளக்கி, இரண்டாவது கேள்வியின் இன்றியமையாமையை உணர்த்துகிறது இவ்வுரைநடை.

ஒரு தீவின் கவலை

வட அட்லாண்டிக் பெருங்கடலில் அமைந்துள்ள சிறிய தீவுநாடு ஐஸ்லாந்து. அதன் மக்கள்தொகை நான்கு இலட்சத்துக்கும் குறைவு. 1990களில் அந்நாட்டின் தலைநகராகிய ரெய்க்யவிக்கில், வெள்ளிக்கிழமை இரவானால் நகரின் நடுவீதிகளில் நடக்கவே பெரியவர்கள் தயங்கினர். பள்ளி மாணவர்கள் கூட்டம் கூட்டமாக மது மயக்கத்தில் திரிந்தனர். 1998ஆம் ஆண்டில் 15, 16 வயது மாணவர்களுள் 42 விழுக்காட்டினர், அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் மது மயக்கத்துக்கு ஆளாகியிருந்தனர். 23 விழுக்காட்டினர் நாள்தோறும் புகைத்தனர். 17 விழுக்காட்டினர் கஞ்சாவைப் பயன்படுத்தியிருந்தனர்.

மதுவின் தீமைகளை அம்மாணவர்கள் அறியாதவர்கள் அல்லர். வகுப்பறைகளில் அவை எடுத்துரைக்கப்பட்டிருந்தன. ஆயினும் எச்சரிக்கை பயனளிக்கவில்லை. தீமை என்று தெரிந்த ஒன்றை இளையோர் ஏன் நாடுகின்றனர்? இக்கேள்விக்கு விடை காண, முதலில் வளரிளம் பருவத்து மூளையின் இயல்பை அறிதல் வேண்டும்.

வளர்ந்துகொண்டிருக்கும் மூளை

மனித மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் முதிர்ச்சி அடைவதில்லை. விருப்பம், அச்சம், சினம், மகிழ்ச்சி ஆகியவற்றோடு தொடர்புடைய உட்பகுதிகள் பூப்புப் பருவத்திலேயே விரைந்து செயல்படத் தொடங்குகின்றன. விளைவை எண்ணிப் பார்த்தல், திட்டமிடுதல், தூண்டுதலை அடக்குதல் ஆகிய பணிகளைச் செய்யும் முன்னெற்றிப் பகுதியோ 25 வயதை ஒட்டியே முழு முதிர்ச்சி பெறுகிறது. குதிரை வளர்ந்துவிட்டது, கடிவாளம் இன்னும் பின்னப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று இந்நிலையைச் சொல்லலாம்.

இது குறைபாடு அன்று, வளர்ச்சியின் இயல்பு. இதே நெகிழ்வுத்தன்மையால்தான் இளையோர் புதிய மொழியையும் இசையையும் விளையாட்டையும் விரைந்து கற்கின்றனர். எதை மீண்டும் மீண்டும் செய்கின்றனரோ அதற்கேற்ப அவர்களுடைய மூளையின் இணைப்புகள் வலுப்பெறுகின்றன. மூளை நல்லதைக் கற்கும் அதே விரைவில் தீயதையும் கற்றுக்கொள்கிறது.

இப்பருவத்தில் நட்பின் ஈர்ப்பும் மிகுதி. 2005ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், வண்டியோட்டும் கணினி விளையாட்டு ஒன்றைப் பல வயதினரும் ஆடினர். தனியாக ஆடியபோது இருந்ததைவிட, நண்பர்கள் உடனிருந்தபோது வளரிளம் பருவத்தினர் மிகுதியான இடர்களைத் துணிந்து மேற்கொண்டனர். பெரியவர்களிடம் இம்மாற்றம் ஏறத்தாழக் காணப்படவில்லை. 'ஒருமுறைதானே' என்று நண்பர் நீட்டும் கையைத் தள்ளுவது பதினாறு வயதில் ஏன் அவ்வளவு கடினம் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

துயர் தணிக்கும் தோற்றம்

பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பில் முதல் வரிசையில் நின்றவர் அவர். புதிய பள்ளி, புதிய பாடப்பிரிவு. முதல் தேர்விலேயே மதிப்பெண் சரிகிறது. வீட்டில் பெற்றோரிடையே ஓயாத பூசல். இரவில் உறக்கம் வருவதில்லை. காலையில் எழ மனம் வருவதில்லை. ஆர்வத்தோடு ஆடிய கைப்பந்தும் சலித்துவிடுகிறது. தம்மிடம் ஏதோ பிழை இருப்பதாக அவர் எண்ணுகிறார். எவரிடமும் சொல்லக் கூசுகிறார். ஒருநாள் மாலை, விளையாட்டுத் திடலின் சுற்றுச்சுவருக்குப் பின்னால் ஒருவர் அவரிடம் வெண்சுருட்டை நீட்டுகிறார். அன்று மாலை மட்டும் நெஞ்சின் பாரம் சற்றே இறங்கியதுபோல் தோன்றுகிறது.

அந்த நிம்மதி பொய்யன்று. அதனால்தான் அது ஆபத்தானது. அம்மாணவர் தேடியது போதையை அன்று. பாரத்தை இறக்கிவைக்க ஓர் இடத்தை.

எட்வர்டு கான்ட்சியன் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் 1985ஆம் ஆண்டில் இக்கருத்தைத் தெளிவுபட முன்வைத்தார். போதைப்பொருளை நாடுவோருள் பலர் இன்பத்துக்காக மட்டும் அதனை நாடுவதில்லை. தாங்க இயலாத மனத்துயரைத் தணித்துக்கொள்ளவே நாடுகின்றனர் என்றார். தமக்குத் தாமே மருந்திட்டுக்கொள்ளும் முயற்சி என்று அவர் அதனை விளக்கினார். உளவியலாளர் ஹார்வி மில்க்மன் 1970களில் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் பணியாற்றியபோது இதையொட்டிய ஓர் உண்மையைக் கண்டிருந்தார். துன்பத்தை உணராமல் மரத்துப்போக விரும்புவோர் ஒருவகைப் போதையையும், துன்பத்தை எதிர்கொள்ள விரும்புவோர் கிளர்ச்சியூட்டும் வேறொரு வகையையும் தேர்ந்தெடுக்கின்றனர் என்பதே அது. எப்பொருளை நாடுகின்றனர் என்பதைத் தீர்மானிப்பதில், எத்துயரை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதற்கும் பங்குண்டு.

வட்டியோடு திரும்பும் துயர்

மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் சுரக்கிறது. நல்லுணவு, நட்பு, வெற்றி, பாராட்டு போன்றவை கிட்டும்போது அது அளவோடு சுரந்து, 'இதை மீண்டும் நாடு' என்று மூளைக்கு உணர்த்துகிறது. போதைப்பொருள்கள் அந்த அளவை இயல்புக்கு மீறி உயர்த்துகின்றன. மீண்டும் மீண்டும் இவ்வாறு நிகழும்போது மூளை தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்கிறது. அதன் விளைவு இருவகையில் வெளிப்படுகிறது. முன்பு கிடைத்த அதே நிம்மதிக்கு மேலும் மிகுதியான அளவு தேவைப்படுகிறது. நட்பும் விளையாட்டும் பாட்டும் தரும் இயல்பான மகிழ்ச்சி மங்கிப்போகிறது. துயரை மறக்க நாடியவருக்கு, மகிழும் ஆற்றலே குறையத் தொடங்குகிறது.

புகையிலையிலுள்ள நிக்கோட்டின் இதற்குத் தெளிவான சான்று. உள்ளிழுத்த சில நொடிகளில் அது மூளையை அடைகிறது. அதன் அளவு குறையும்போது எரிச்சல், பதற்றம், கவனச்சிதறல் ஆகியன தோன்றுகின்றன. அடுத்த வெண்சுருட்டு அப்பதற்றத்தைத் தணிக்கிறது. புகைப்பவர், 'புகை என் பதற்றத்தைப் போக்குகிறது' என்று நம்புகிறார். அந்தப் பதற்றத்தின் பெரும்பகுதியை உண்டாக்கியதே முந்தைய வெண்சுருட்டுதான் என்பதை அவர் அறிவதில்லை. 26 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, புகைப்பதைக் கைவிட்டவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் மனஅழுத்தமும் குறைந்திருந்ததை எடுத்துக்காட்டியது.

மதுவின் இயல்பும் இத்தகையதே. அது நரம்பு மண்டலத்தின் செயற்பாட்டை மந்தமாக்குவதால் முதலில் அச்சம் தணிந்ததுபோல் தோன்றும். உறக்கம் விரைந்து வரும். ஆனால் இரவின் பிற்பகுதியில் உறக்கம் கலையும். மறுநாள் சோர்வும் படபடப்பும் கூடும். தொடங்கும் வயதும் இதில் கருதத்தக்கது. அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியோருள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் வாழ்வின் ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையாயினர். 20 வயதிலோ அதற்குப் பின்னரோ தொடங்கியோருள் அந்நிலைக்கு ஆளானோர் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரே.

கஞ்சா தீங்கற்றது என்னும் கருத்து இளையோரிடையே உலவுகிறது. சுவீடன் நாட்டில் 1969–70இல் படைப்பணிக்கு அழைக்கப்பட்ட ஏறத்தாழ 45,000 இளைஞர்களின் உடல்நலத்தை ஆய்வாளர்கள் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 1987ஆம் ஆண்டில் முடிவு வெளியானது. படைக்கு வருமுன் 50 முறைக்கு மேல் கஞ்சாவைப் பயன்படுத்தியதாகக் கூறியவர்களிடம், மனச்சிதைவு நோய் கஞ்சாவைப் பயன்படுத்தாதவர்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. கஞ்சாவைப் பயன்படுத்தும் அனைவருக்கும் இந்நோய் வரும் என்பது இதன் பொருளன்று. வளரும் மூளையில் அது விளைவிக்கக்கூடிய ஊறு சிறிதன்று என்பதே இதன் பொருள்.

இருவழிப் பாதை

மனத்துயர் போதைக்கு இட்டுச் செல்கிறது. போதை மனத்துயரைப் பெருக்குகிறது. எனவே இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பாதை இருவழிப் பாதையாகும். இவ்விரண்டுக்கும் பொதுவான வேர்களும் உண்டு. மரபுவழிக் கூறுகள், குழந்தைப் பருவத்தில் பட்ட வன்முறை, வீட்டில் நிலவும் குடிப்பழக்கம், பள்ளியில் கேலிக்கு ஆளாதல், தனிமை, உறக்கமின்மை ஆகியவை மனநலக் குறைபாட்டுக்கும் போதைப் பழக்கத்துக்கும் ஒருசேர வழிவகுக்கின்றன. இக்காரணங்கள் உடைய எல்லோரும் போதையை நாடுவதில்லை என்பதையும் மறத்தலாகாது. ஆதரவான உறவு ஒன்று அமைந்துவிட்டால் பலர் இக்காலத்தைக் கடந்துவிடுகின்றனர்.

உலக அளவில் 10 முதல் 19 வயது வரையிலானோருள் ஏழு பேரில் ஒருவர் மனநலக் குறைபாட்டோடு வாழ்கிறார் என்கிறது உலக நலவாழ்வு அமைப்பு. பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரையிலானோருள் 7.3 விழுக்காட்டினரிடம் மனநலக் குறைபாடு கண்டறியப்பட்டது. புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் ஆய்வறிக்கை 2019ஆம் ஆண்டில் வெளியானது. முகர்ந்து மயங்கும் பொருள்களைப் பயன்படுத்துவோர் பெரியவர்களுள் 0.58 விழுக்காடாக இருக்க, 10 முதல் 17 வயதுக்குட்பட்டோருள் 1.17 விழுக்காடாக இருந்தனர். கையில் பணமில்லாத சிறுவர்களையும் எட்டிவிடுவதே அவ்வகைப் பொருள்களின் கொடுமை.

மனநலக் குறைபாட்டையும் போதை அடிமைத்தனத்தையும் சட்டமும் பிரித்துப் பார்ப்பதில்லை. இந்திய அரசின் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், 2017, மதுவாலும் போதைப்பொருளாலும் ஏற்படும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது. அவ்வாறு துன்புறுபவர் இழிந்தவர் அல்லர். மருத்துவம் பெறும் உரிமை உடையவர் என்பதே அதன் உட்பொருள்.

ஐஸ்லாந்து கண்ட வழி

மீண்டும் ஐஸ்லாந்துக்கு வருவோம். 1991ஆம் ஆண்டு முதல் ஹார்வி மில்க்மன் அந்நாட்டு அறிஞர்களுடன் தொடர்பு கொண்டிருந்தார். அந்நாட்டு ஆய்வாளர்கள் 1992 தொடங்கிப் பள்ளிதோறும் 14 முதல் 16 வயது வரையிலான மாணவர்களிடம் வினாப்படிவங்களை வழங்கினர். எப்போது குடித்தீர், எவ்வளவு புகைத்தீர் என்பதோடு வினாக்கள் நின்றுவிடவில்லை. பெற்றோருடன் எவ்வளவு நேரம் செலவிடுகிறீர், மாலையில் என்ன செய்கிறீர், பள்ளியில் உம்மீது அக்கறை காட்டுவோர் உண்டா என்றும் கேட்டனர்.

விடைகளிலிருந்து நான்கு காப்புகள் புலனாயின. வாரத்தில் மூன்று நான்கு முறையேனும் விளையாட்டு, இசை முதலியவற்றில் முறையாக ஈடுபடுதல். வார நாள்களில் பெற்றோருடன் மிகுதியான நேரம் செலவிடுதல். பள்ளியில் தம்மீது அக்கறை உண்டு என்று உணர்தல். இரவில் நெடுநேரம் வெளியில் திரியாதிருத்தல். இவை அமைந்த மாணவர்கள் போதையை நாடுவது குறைவாக இருந்தது.

இம்முடிவைக் கொண்டு நாடு முழுவதும் செயலில் இறங்கியது. 18 வயது நிறையாதோர் புகையிலை வாங்கவும் 20 வயது நிறையாதோர் மது வாங்கவும் தடைவிதிக்கப்பட்டது. அவற்றின் விளம்பரங்களும் தடைசெய்யப்பட்டன. 13 முதல் 16 வயது வரையிலானோர் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குப் பின்பும் கோடையில் நள்ளிரவுக்குப் பின்பும் வெளியில் இருத்தலாகாது எனச் சட்டம் வகுக்கப்பட்டது. விளையாட்டுக்கும் இசைக்கும் நடனத்துக்கும் அரசு நிதி பெருகியது. வறிய வீட்டுப் பிள்ளைகளும் பங்கேற்க வேண்டும் என்பதற்காக, ரெய்க்யவிக் நகராட்சி பிள்ளைகளின் பொழுதுபோக்குச் செலவுக்கென ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கியது. பள்ளிதோறும் பெற்றோர் அமைப்புகள் வலுப்பெற்றன.

2016ஆம் ஆண்டில் கிடைத்த புள்ளிவிவரம் உலகின் கவனத்தை ஈர்த்தது. முந்தைய மாதத்தில் மது மயக்கத்துக்கு ஆளான 15, 16 வயது மாணவர்கள் 42 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருந்தனர். நாள்தோறும் புகைப்போர் 23 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாயினர். கஞ்சாவைப் பயன்படுத்தியோர் 17 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாயினர். அக்காலத்தில் வேறு பல ஐரோப்பிய நாடுகளிலும் இளையோரின் குடிப்பழக்கம் குறைந்தது உண்மையே. ஐஸ்லாந்தில் நேர்ந்த வீழ்ச்சியோ மிகப் பெரிது.

இவ்வரலாற்றில் மற்றொரு பாடமும் உண்டு. போதைப் பழக்கம் குறைந்த அதே காலத்தில், 2006க்கும் 2016க்கும் இடையில், ஐஸ்லாந்து மாணவியரிடையே பதற்றமும் மனச்சோர்வும் கூடியிருந்தன. போதைப்பொருளைக் கைக்கெட்டாமல் வைத்தால் மட்டும் மனம் நலம்பெற்றுவிடாது. ஓசையின்றித் துன்புறும் பிள்ளை, எந்தத் தீய பழக்கமும் இல்லாதவர் என்பதாலேயே கண்ணில் படாமல் போகலாம். பழக்கத்தைத் தடுப்பதும் மனத்தைப் பேணுவதும் இணைந்து நிகழ வேண்டும்.

தமிழ் மண்ணில்

மயக்கந்தரும் பொருளின் கேட்டைத் தமிழ்ச் சமூகம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமையைப் பேசுகிறது. மதுப்பழக்கத்தால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980ஆம் ஆண்டில் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். குடிப்பழக்கத்தை ஒழுக்கக்கேடாக மட்டுமே கண்ட காலத்தில், அதை நோயாகக் கருதி மருத்துவமும் ஆலோசனையும் வழங்கியது அந்நிறுவனம். நோயாளரின் குடும்பத்துக்கும் அங்கு ஆலோசனை வழங்கப்பட்டது. ஒருவரின் போதை ஒரு வீட்டின் துயர் என்பதை அறிந்தவரின் பணி அது. அவருக்கு இந்திய அரசு 1992ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

தெரிந்து தெளிவோம்

• 14416 – மனநல ஆலோசனைக்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' என்னும் இச்சேவையில் நாள் முழுவதும் தமிழிலும் பேசலாம்.
• 1098 – இடருக்கு உள்ளான சிறாருக்கான உதவி எண்.
• 14446 – போதை மீட்புக்கான தேசிய உதவி எண்.
• 2003ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள்கள் சட்டம், 18 வயது நிறையாதோருக்கும் கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத் தொலைவுக்குள்ளும் புகையிலைப் பொருள்களை விற்பதைத் தடைசெய்கிறது.
• 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, சிறாருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ வழங்குவோருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு.

கேட்கும் செவி

ஒருவர் துன்பத்தில் உள்ளார் என்பதை ஆசிரியரைவிடவும் பெற்றோரைவிடவும் முதலில் அறிபவர் பெரும்பாலும் நண்பரே. வழக்கமாகப் பேசுபவர் அமைதியாதல், விருப்பமான விளையாட்டை விட்டு விலகுதல், உறக்கமும் உணவும் மாறுதல், காரணமின்றிச் சினத்தல், வகுப்பைத் தவிர்த்தல், பழைய நண்பர்களை ஒதுக்குதல், கேட்ட பணத்துக்குக் கணக்குச் சொல்லாதிருத்தல் ஆகியன இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அவற்றைப் பொருட்படுத்த வேண்டும். இவற்றுள் ஒன்றைக் கண்டவுடன் ஒருவரைப் போதைக்கு அடிமை என்று முடிவுகட்டுவது தவறு. அவர் ஏதோ ஒரு பாரத்தைச் சுமக்கிறார் என்று எண்ணுவதே சரி.

அப்போது நண்பர் செய்யத்தக்கன எளியவை. தனியே அழைத்துப் பேசலாம். அறிவுரை கூறும்முன் கேட்கலாம். கேலியும் அச்சுறுத்தலும் துன்புறுபவரை மேலும் மறைவுக்குத் தள்ளும். 'எவரிடமும் சொல்லாதே' என்று வேண்டினாலும், உயிருக்கு ஆபத்து உண்டென்று தோன்றினால் அச்சொல்லைக் காப்பது நட்பாகாது. நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ மருத்துவரிடமோ உடனே கொண்டு சேர்ப்பதே நட்பாகும். மருத்துவம் செய்யும் பொறுப்பு நண்பருடையது அன்று. உதவி கிடைக்கும் வாயில் வரை உடன்நடப்பதே அவருடைய பங்கு.

பழக்கம் ஏற்கெனவே தொற்றியிருந்தாலும் மீட்சி உண்டு. வளரும் மூளை எளிதில் காயப்படுவதுபோலவே, உரிய காலத்தில் உதவி கிடைத்தால் மீளும் ஆற்றலும் உடையது. அறிதல், நடத்தை சார்ந்த உளவியல் சிகிச்சையும், தேவையெனில் மருந்தும், குடும்ப ஆலோசனையும் பலரை மீட்டுள்ளன. மீண்டவர் ஒருமுறை தவறினால் எல்லாம் தோற்றுப்போனது என்று பொருளன்று. மனச்சோர்வையும் போதையையும் ஒருசேர மருத்துவம் செய்யும்போது மீட்சி நிலைக்கிறது. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் கவனித்தால் விடப்பட்டது மீண்டும் தலைதூக்கும்.

விளையாட்டுத் திடலின் சுற்றுச்சுவருக்குப் பின்னால் நின்ற அந்த மாணவர் தேடியது ஒரு நிம்மதி. அதை நீட்டிய கை ஒரு வெண்சுருட்டை நீட்டியது. அதற்கு முன்பே வேறொரு கை அவர் தோளைத் தொட்டு, 'சில நாளாக நீ சரியாக இல்லை, என்ன நேர்ந்தது?' என்று கேட்டிருந்தால், அவர் அங்குச் சென்றிருக்கவே தேவையிருந்திராது. அத்தகைய கைகள் வகுப்பறைகளிலும் வீடுகளிலும் பெருக வேண்டும்.